கண் சுரண்டிய முகங்களுக்கு நடுவே

போன வருடம் கோடை முடிகிற நேரம், எங்கள் திருமண நாளுக்கென்று பிள்ளைகள் எங்களைக் கப்பல் சுற்றுலாவுக்கு அனுப்பிவைத்தார்கள். ரொறன்ரோவில் மோர்னிங்சைட்டில் எங்கள் வீட்டை விட்டால் ஒஷாவாவில் மகள் வீடு, அதை விட்டால் கோயில் என்று இருந்த எங்களுக்குக் கிரேக்கத் தீவெல்லாம் கொஞ்சம் ஓவர்தான். கப்பல் ரோட்ஸ் தீவில் நின்றது. துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே பழைய நகரத்தின் கோட்டைமதில். மாலையில் கப்பல் புறப்பட்டுவிடும், பிந்தினால் காத்திருக்காது என்று திரும்பத் திரும்பச் சொல்லித்தான் இறக்கிவிட்டார்கள்.

என் கணவருக்கு முழங்கால் நோ. மதில் வாசலைத் தாண்டியதுமே ஒரு கோப்பிக் கடையில் உட்கார்ந்துவிட்டார். "நீர் போய்க் கடையளைப் பாத்திட்டு வாரும். நான் இதிலயே இருக்கிறன்" என்றார். எனக்குக் கூட்டம் என்றாலே தலையிடி. ஆள் இல்லாத ஒடுங்கிய ஒழுங்கை ஒன்றைக் கண்டதும் அதற்குள் திரும்பிவிட்டேன்.

அங்கே மதியம் எல்லோரும் கதவைச் சாத்திவிட்டுப் படுத்துவிடுவார்கள் போலும். இரண்டு பக்கமும் உயரமான கல்வீடுகள், ஒரு யன்னலும் திறந்திருக்கவில்லை. மேலே வீட்டுக்கு வீடு கல்வளைவுகள் போனதால் நல்ல பகலிலும் இருட்டு. என் காலடிச் சத்தமே எனக்குப் பின்னால் வந்தது. நான் நின்ற பிறகும் அது ஓரடி கூடுதலாக நடந்தது. திடுக்கிட்டுத் திரும்பினேன். ஒரு பூனைகூட இல்லை.

அப்போதே திரும்பியிருக்கலாம். ஆனால் ஒரு சின்னத் தேவாலயம் திறந்துகிடந்தது, உள்ளே விளக்கு எரிந்தது. விளக்கைக் கண்டால் எங்கள் ஆட்கள் சும்மா போவோமா? சப்பாத்தைக் கழற்றினேன். அதோடு விட்டேனா! ஸ்காபரோக் கோயிலில் செருப்புத் தொலைத்த அனுபவசாலி அல்லவா? ஒன்றை வாசலிலும் மற்றதைத் தள்ளியிருந்த பூச்சாடிக்குப் பின்னாலும் வைத்தேன். ஒற்றைச் சப்பாத்தை எந்தக் கள்ளனும் எடுக்கமாட்டான்.

உள்ளே சுவரெல்லாம் ஆளுயர ஓவியங்கள். அந்த முகங்களில் கண்களை மட்டும் எவரோ எப்போதோ சுரண்டி எடுத்திருந்தார்கள். தூணுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருக்கையில் கதவு சாத்துப்பட்டது. பூட்டில் திறப்புத் திரும்புகிற சத்தமும் கேட்டது.

ஓடிப்போய்த் தட்டினேன். கைதான் நொந்தது. "ஆராவது திறவுங்கோ!" என்று தமிழிலேயே கத்தினேன். போனில் சிக்னல் இல்லை. விளக்குச் சுடர் ஆட ஆட, அந்த முகங்கள் அசைவதாகவே தெரிந்தது. கண் இல்லாதவர்கள் எப்படி என்னைப் பார்க்கமுடியும்? ஆனால் பார்த்தார்கள். தூரத்தில் ஒரு கப்பல் ஊதியது. எங்களுடையதா, வேறா? என்னைக் காணாமல் அவர் நொண்டி நொண்டிக் கடைகளில் தேடுவாரே! இங்கே நிற்கிறேன் என்று ஒருவருக்கும் தெரியாதே! அந்த நினைப்பு வந்ததும்தான் விம்மி விம்மி அழுதேன்.

எவ்வளவு நேரம் போனதோ. மறுபடி திறப்புச் சத்தம். கறுப்புடுப்புப் போட்ட ஒரு வயதான அம்மா நின்றார், கைக்கு ஒன்றாக என் சப்பாத்துகளைப் பிடித்தபடி. கையால் காட்டித்தான் விளங்கப்படுத்தினார். வாசலில் ஒற்றையைக் கண்டு, ஆரோ தொலைத்தது என்று நினைத்துப் பூட்டிவிட்டாராம். போகிற வழியில் சாடிக்குப் பின்னால் மற்றதைக் கண்டதும், உள்ளே ஆள் இருக்கிறது என்று விளங்கி ஓடிவந்திருக்கிறார். என் கெட்டித்தனம் என்னையே பூட்டிவைத்துவிட்டது!

என் வெறுங்காலைப் பார்த்தவர், சுவரைக் காட்டினார். கதவு வெளிச்சம் விழுந்த இடத்து ஓவியத்தில் ஒருவர் குனிந்து தன் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். அவருக்கு மட்டும் கண்கள் இருந்தன.

அந்த அம்மா என் கையைப் பிடித்து மதில் வாசல் வரை கொண்டுவந்து விட்டார். அங்கே என் கணவர் போனில் என் படத்தை வைத்துக்கொண்டு, போகிறவர் வருகிறவருக்கெல்லாம் காட்டிக்கொண்டு நின்றார். முகம் இரத்தமே இல்லாமல் வெளுத்திருந்தது. "எங்கையப்பா போனனீர்? நான் தேடாமல் ஒரு கடை விடேல்லை" என்றார். கப்பலை மட்டுமட்டாகப் பிடித்தோம்.

இப்போது பக்கத்துக் கடைக்குப் போனாலும் சொல்லிவிட்டுத்தான் போகிறேன். "பால் வாங்கத்தானே போறீர், கிரீசுக்கில்லையே" என்று பகிடி பண்ணுவார். பண்ணட்டும். படத்தை நீட்டிக்கொண்டு நின்ற அந்த முகத்தை இன்னொருமுறை பார்க்க என்னால் முடியாது.