சிதறால் மலையும் ஸ்டெல்லாவின் முகப்பதிவும்

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை சிதறாலுக்குப் போனேன். பாதி மலைக்காக, பாதி ஸ்டெல்லாவுக்காக. என் பள்ளியிலேயே தையல் ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவள். இப்போது இடுப்பெலும்பு முறிந்து படுத்திருக்கிறாள். ஓய்வூதியர்கள் ஆண்டுக்கொரு முறை கருவூலத்துக்குப் போய், உயிரோடிருப்பதைக் காட்டி வாழ்நாள் சான்றிதழ் பதிய வேண்டும். அவளுக்கு அந்த வாரமே கடைசி. தவறினால் ஓய்வூதியம் நின்றுவிடும். கைப்பேசிச் செயலியில் முகத்தைக் காட்டினாலும் போதும். ஆனால் அவள் ஆம்புலன்சில் என்றாலும் நேரில்தான் போவேன் என்று பிடிவாதமாக இருந்தாள்.

கருங்கலில் காலை ஆறரைக்குப் பேருந்து. மார்த்தாண்டத்தில் மாறி, சிதறாலுக்கு ஏழு கிலோமீட்டர். சாதாரணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. மலைப்பாதை கல் பாவியது, ஒரு கிலோமீட்டருக்குள்தான். முழங்கால் வலிக்காரர்கள் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறலாம். மேலே பாறையில் வரிசையாகச் சமணத் தீர்த்தங்கரர் சிற்பங்கள். எதிரே தென்னையும் ரப்பரும் ஆறும். நம் மாவட்டத்தில் இப்படி ஓர் இடம் இருப்பதே பெருமை.

இறங்கி ஸ்டெல்லா வீட்டுக்கு ஆட்டோ பிடித்தேன், அறுபது ரூபாய். கைப்பேசியில் சான்றிதழ் பதிவது பற்றி ஓட்டுநரிடம் கேட்டேன். "கரண்ட் பில்லு போன்லதான் கெட்டுவேன் டீச்சரே. சர்ட்டிபிக்கேட்டுன்னா ஆபீசுக்குப் போனாத்தான் ஒரு ஒறப்பு" என்றார்.

ஸ்டெல்லாவும் அதே கட்சி. "எனக்கு உசிரு இருக்கான்னு மனுசன் பாக்கணுமா, போன் பாக்கணுமா? ஓடிபி கேக்கியவன் எல்லாம் கள்ளன்."

நானும் செயலியில் பதிந்து வாங்கிய சான்றிதழை என் கைப்பேசியில் காட்டினேன். "நீ பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துன மாதிரியே நடத்துகியே" என்று திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அப்போது பக்கத்து வீட்டுப் பாக்கியம் கிழங்கும் மீன்கறியும் கொண்டு வந்தார். ஓய்வுபெற்ற செவிலியர். பேச்சைக் கேட்டவர், "நான் போன வருசமே போன்ல செய்தாச்சே" என்றார்.

ஸ்டெல்லா தலையைத் தூக்கினாள். "பென்சன் வந்துதா?"

"ஒரு மாசம்கூட நிக்கல்ல."

"ஏட்டி, எனக்கிட்ட சொல்லல்லியே?"

"நீ கேட்டியா?"

உடனே கைப்பேசியை எடுக்கச் சொன்னாள். முகத்துக்கு நேரே பிடித்தேன். கண்ணை இறுக மூடிக்கொண்டாள். செயலி ஏற்கவில்லை. மறுபடியும் அதேதான்.

"கண்ணத் தெறந்து, ஒருக்கா சிமிட்டுட்டி" என்றார் பாக்கியம்.

"ஜெபிக்காம எதத் தொடங்குவேன்?"

கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தோம். ஆமென் சொன்னபின் எடுத்தேன். இம்முறை பதிவாகிவிட்டது, குறுஞ்செய்தியும் வந்தது. அப்போதும் நம்பாமல் கருவூலத்துக்குப் பேசினாள். பதிவு வந்திருப்பதாகச் சொன்னார்கள். அதற்குப் பிறகுதான் கிழங்கில் கை வைத்தாள்.

பெற்றோரை இப்படிப் பதியவைக்க நினைப்பவர்களுக்கு: ஆதார் எண், ஓய்வூதியப் புத்தகம், சன்னல் வெளிச்சம் வேண்டும். ஓடிபி வந்தால் நீங்களே செயலியில் இடுங்கள். தொலைபேசியில் கேட்பவர் எவருக்கும் சொல்லாதீர்கள். செயலி எளிது என்று விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம், நானே விளக்கித் தோற்றேன். அதே தெருவில் ஏற்கெனவே செய்து பயன் கண்ட ஒருவரைக் கூட்டிப் போங்கள்.

நேற்று ஸ்டெல்லா அழைத்தாள். அவள் சபைப் பெண்கள் நான்கு பேர் அவள் கட்டிலருகே உட்கார்ந்து பதிவு செய்துவிட்டார்களாம். நானும் உதவிக்கு வரட்டுமா என்று கேட்டேன்.

"நீ எதுக்கு? எனக்கு இந்த மாசம் பென்சன் வந்துட்டு. அவளுவளுக்கு அது போதும்."