ஒட்டுக்குப் பக்கத்தில்

காகிதத்தை இழுத்துப் பார்த்துப் பிழைத்தவன் நான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் பெங்களூரில் ஓர் அச்சகத்தின் காகித சோதனை அறையில் எனக்கு வேலை. மில்லிலிருந்து வரும் ஒவ்வொரு கட்டிலிருந்தும் ஒரு தாளை உருவி, பட்டையாக நறுக்கி, இயந்திரத்தின் இரண்டு பிடிகளுக்கு நடுவே மாட்டி, அறுந்துபோகும் வரை இழுக்க வேண்டும். முள் எங்கே நிற்கிறதோ அதுதான் தாளின் பலம். காகிதம் நாம் நினைப்பதைவிட முரட்டுப் பயல். நேராக இழுத்தால் லேசில் மசியாது. ஓரத்தில் நகக்கண் அளவு வெட்டு இருந்துவிட்டால் மட்டும், அத்தனை இழுப்பும் அந்த ஒரு புள்ளியில் போய்ச் சேர்ந்துகொள்ளும். அப்புறம் குழந்தைகூடக் கிழித்துவிடும்.

இந்த வேலையில் ஒரு பீடை உண்டு. கையில் எந்தத் தாள் வந்தாலும் கட்டைவிரல்களால் இரண்டு பக்கமும் அழுத்திப் பிடித்து வெடுக்கென்று இழுத்துப் பார்ப்போம். பஸ் டிக்கெட், கல்யாணப் பத்திரிகை, மாதா கோயிலில் கொடுக்கும் பாட்டுத்தாள், எதுவும் தப்பாது. காக்ஸ் டவுனில் இருந்த எங்கள் வீட்டில் என் கையில் பேப்பரைக் கொடுக்கவே யோசிப்பார்கள்.

அக்காவுக்கு அப்போது இருபத்தைந்து முடிய இரண்டு மாதம் இருந்தது. நர்ஸ் பயிற்சிக்கு அந்த வயதைத் தாண்டினால் எடுக்க மாட்டார்கள். அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்த வருடங்களில் அவளால் எங்கும் போக முடியவில்லை. அம்மா போன பிறகுதான் விண்ணப்பம் போட்டாள். திங்கட்கிழமை நேரில் வரச் சொல்லிக் கடிதம் வந்தது. வயதுக்குச் சான்றாக ஞானஸ்நானச் சீட்டின் அசலைக் கொண்டுவர வேண்டும். அப்பா அதை நாலாக மடித்து டிரங்குப் பெட்டியின் அடியில் போட்டு வைத்திருந்தார். மடிப்பு நைந்து பாதிவரை விட்டிருந்தது.

"உன் வேலைதானே இது, ஒட்டிக் குடுடா," என்றாள் அக்கா.

மைதாப் பசையும் மெல்லிய தாள் பட்டையும் வைத்து, பின்பக்கமாக, எழுத்தில் ஒரு துளி படாமல் ஒட்டினேன். ஞாயிறு மத்தியானம் முழுக்கப் பாரம் வைத்துக் காயவிட்டேன். சாயங்காலம் எடுத்துப் பார்த்தபோது எனக்கே பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையில்தான் விரல்கள் தானாகப் போய் இரண்டு பக்கமும் பிடித்தன. இழுத்தேன்.

ஒட்டு அசையவில்லை. ஒட்டுக்குப் பக்கத்தில் கிழிந்தது. ஒட்டிய இடம் கெட்டியாகிவிட்டால் இழுப்பெல்லாம் அதன் விளிம்பில் வந்து விழும் என்பது எனக்குத் தெரியாத விஷயமா? கிழிசல் பிறந்த தேதியின் குறுக்கே போய் நின்றது. வருடத்தின் கடைசி எண் இருந்த இடம் நார்நாராகப் பிய்ந்துவிட்டது.

அக்கா அடுப்படியிலிருந்து வந்து பார்த்தாள். "ஏண்டா இழுத்த?" என்று மட்டும் கேட்டாள்.

"பழக்கம்," என்றேன். வாயில் அதுதான் வந்தது. இன்றைக்கும் அதை நினைத்தால் கூசுகிறது.

மறுநாள் அதையே கொண்டுபோனாள். வயதைச் சுரண்டித் திருத்தியது போலிருக்கிறது என்று கிளார்க் சந்தேகப்பட்டாராம். இருபத்தைந்து முடிவதற்குள் வேறு பிரதி கொண்டுவந்தால் பார்க்கலாம் என்று கன்னடத்தில் சொல்லி அனுப்பிவிட்டார். கிழித்தது யார் என்று அவள் சொல்லவில்லை. எலி கடித்துவிட்டதாகச் சொன்னாளாம். என்னை அவள் நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது.

எங்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்த கோயில் வாணியம்பாடிப் பக்கம். நானே ரயிலேறிப் போனேன். பழைய பாதிரியார் மாற்றலாகியிருந்தார். பதிவேட்டை வேறெங்கோ அனுப்பியிருந்தார்கள். திரும்பி வந்து கடிதம் மேல் கடிதமாகப் போட்டேன். பிரதி வந்து சேர நாலு மாதம் ஆயிற்று.

உறையைப் பிரித்து அவளிடம் நீட்டினேன். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். தன் பெயர், அப்பா அம்மா பெயர், தேதி, மாதம், வருடம் என்று ஒவ்வொன்றாக விரல் வைத்துப் படித்தாள்.

"எல்லாம் சரியாத்தான் போட்டிருக்காங்க," என்றாள். "வயசுதான் போயிடுச்சு."