எல்லோர் அளவும் ஒரே நோட்டில்

என் படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றது. எழுத்து கோணல்மாணலாக இருக்கும். முன்னே சொல்ல வேண்டியதைப் பின்னே சொல்லிவிடுவேன், பாதி மறந்தும் போய்விடும். பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

துடியலூரில் நாற்பது வருஷமாக ஜாக்கெட் தைக்கிறேன். நாலு பேர் கூடிய இடத்தில் எனக்குப் பேச வராது. மிஷினுக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டால் பேச வேண்டியதில்லை என்றுதான் இந்தத் தொழிலுக்கே வந்தேன். போனில் அளவு எழுதி வைப்பதைப் பற்றி எழுதித் தரச் சொல்லி எங்கள் தையல் குழுப் பெண்கள் கேட்டார்கள். அதில் நான் செய்த தப்பையும் சேர்த்து எழுதுகிறேன்.

1. டேப் சொல்லாதது

உயரம், மார்பு, இடுப்பு, ஷோல்டர், ஆர்ம்ஹோல், கை, கழுத்து. இதெல்லாம் டேப் சொல்லிவிடும். ஒருத்திக்கு வலது தோள் அரை இஞ்ச் இறக்கம், ஒருத்திக்கு முதுகில் தழும்பு, அதனால் பின்கழுத்து ஏற்றி வைக்க வேண்டும் என்பதையெல்லாம் டேப் சொல்லாது. அளவு நோட்டிலும் எழுத மாட்டோம். மனசில்தான் வைத்திருப்போம். வயசு அறுபது தாண்டியதும் என் மனசில் அது நிற்கவில்லை.

என்னிடம் தைக்கிற டீச்சர் ஒருவர் இருக்கிறார். பேர் ஸ்டெல்லா என்று வைத்துக்கொள்ளுங்கள். சில வருஷம் முன்பு கட்டி வந்து, ஆபரேஷனில் இடது மார்பை எடுத்துவிட்டார்கள். வீட்டுக்காரர், டாக்டர், நான், மூன்று பேரைத் தவிர யாருக்கும் தெரியாது. லைனிங்குக்குள் பஞ்சு வைத்து, வெளியே தெரியாதபடி தைத்துக் கொடுப்பேன். போன வருஷம் நான் மறதியில் பஞ்சை வலது பக்கம் வைத்துத் தைத்துவிட்டேன். டீச்சர் அதை எடுத்துவந்து மேஜையில் வைத்தார். "இதைக் கொஞ்சம் பாருங்க ராஜாமணி" என்றார், அவ்வளவுதான், போய்விட்டார். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

அதற்கப்புறம்தான் மருமகள் என் போனில் நோட்ஸ் எழுதுகிற ஆப் ஒன்றைப் போட்டுக் கொடுத்தாள். "டைப் பண்ண வேண்டாங்கத்தை, வாயில சொல்லுங்க, அதே எழுதிக்கும்" என்றாள். உண்மைதான். டேப்பைப் பிடித்துக்கொண்டே சொன்னால் எழுதிக்கொள்கிறது. பேரைப் போட்டுத் தேடினால் கண் சிமிட்டுவதற்குள் அளவு வந்து நிற்கிறது. பழைய நோட்டில் எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டின எனக்கு அது பெரிய ஆச்சரியம்.

ஆனால் என் நோட்டு ஒன்றுதானே, போனிலும் ஒன்றே திறந்தேன். 'அளவு' என்று பேர் வைத்து, என்னிடம் தைக்கிற அறுபது பேரையும் ஒருவருக்குக் கீழ் ஒருவராக அதிலேயே சொல்லி வைத்தேன்.

"ஆளுக்கு ஒண்ணு போடுங்கத்தை" என்றாள் மருமகள்.

"ஆளுக்கொரு நோட்டு எந்தக் கடைல கண்ணு வெச்சிருக்காங்க?" என்று கேட்டேன்.

2. ஒரு பொத்தான்

டீச்சர் போகிற மாதா கோயிலுக்கே போகிறவர் ரெஜினா. கலகலவென்று பேசுவார். மகள் பிரசவத்துக்கு பெங்களூர் கிளம்பும்போது, அங்கே தைத்துக்கொள்ள அளவு வேண்டுமென்று கேட்டார். போனில் அவர் பேரைத் தேடினேன், அவர் அளவு வந்தது, அனுப்பும் பொத்தானை அழுத்தினேன். கண்ணுக்குத் தெரிகிற அளவுதான் போகும் என்று நினைத்தேன். நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துக் கொடுப்பது போல.

அரை மணி நேரத்தில் போன் வந்தது.

"ஏனுங்க ராஜாமணிக்கா, எனக்கு ஒருத்திக்கு மட்டும் அளவு கேட்டா, ஊரு அளவையே அனுப்பிப்போட்டீங்களே!"

அப்போதுதான் புரிந்தது, அறுபது பேர் அளவும் மொத்தமாகப் போய்விட்டது.

"அப்புறம், என் பேருக்குக் கீழே என்னமோ எழுதியிருக்கீங்க? 'இடுப்பு ரெண்டு இஞ்ச் ஏறிருச்சு, சொன்னா கோவிச்சுக்குவாங்க, சொல்லாம துணி விட்டுத் தைக்கணும்'. ஏனுங்க, நா அவ்வளவு கோவக்காரியா?" என்று சிரித்தார்.

நானும் சிரிக்கப் பார்த்தேன், வரவில்லை. அவர் பேர் பட்டியலில் மேலே இருந்தது, டீச்சர் பேர் ரொம்பக் கீழே. அதுவரைக்கும் படித்தாரா, இல்லையா? கேட்கவும் முடியாது. கேட்டால் "அங்கே என்னமோ இருக்கு, பாரு" என்று நானே காட்டிக் கொடுத்தது போல ஆகிவிடும். "அழிச்சுருங்க அம்மணி" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன்.

3. டீச்சர் வீடு

சொல்லாமலே இருந்துவிடலாம் என்று ஒரு நாள் முழுக்க நினைத்தேன். ஆனால் அந்த விஷயம் வேறு யார் வாயிலிருந்தாவது அவர் காதுக்குப் போனால்? மறுநாள் சாயங்காலம் டீச்சர் வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

டீச்சர் முகம் மாறிவிட்டது. "எதுக்குங்க எழுதினீங்க? இதையெல்லாமா எழுதுவாங்க?"

"எழுதலைன்னா மறந்துருதுங்க டீச்சர். மறுபடியும் பஞ்சை மாத்தி வெச்சுப்போடுவேன்னு பயமுங்க."

கையை நீட்டினார், போனைக் கொடுத்தேன். தன் பேரைத் தேடிப் பார்த்தார். நான் சொல்லி வைத்திருந்தது இதுதான்: 'இடது பக்கம் ஆபரேஷன், பஞ்சு வைக்கணும். இடது கை தூக்கச் சொல்லக் கூடாது, வலிக்கும். ட்ரையல் பார்க்கும்போது கதவைச் சாத்தணும். ஒண்ணும் கேட்கக் கூடாது.'

இரண்டு தடவை படித்தார். பிறகு தன் போனை எடுத்து ரெஜினாவைக் கூப்பிட்டார். எனக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டார்.

"ரெஜினா, அந்த அளவுல என் பேரைப் பாத்தியா?"

கலகலவென்று பேசுகிறவர் தணிந்த குரலில் சொன்னார்.

"பாத்தேனுங்க டீச்சர். உடனே அழிச்சுட்டேன். எங்க ஊட்டுக்காரருகிட்டக்கூடச் சொல்லலீங்க."

"சரி."

"டீச்சர், தேருக்குப் பூ அலங்காரம் பண்றப்ப நீங்க மட்டும் கை குடுக்காம ஒதுங்கி நின்னீங்கல்ல? டீச்சருக்கு உடம்பு வளையாதுன்னு நாங்கெல்லாம் கேலி பேசினோமுங்க. நானுந்தான் பேசினேன்." அழுதுவிட்டார்.

டீச்சர் கண்ணும் கலங்கியது. ஆனால் சொன்னது வேறு. "கேட்டுட்டுத்தான் இருந்தேன். அடுத்த தடவை எனக்கும் சேத்து நீ கையைத் தூக்கு. இடுப்பு ரெண்டு இஞ்ச் எறங்கிரும்."

அந்தப் பக்கம் அழுகையோடு சிரிப்பும் கேட்டது.

நான் டீச்சர் முன்னாலேயே அந்த வரிகளை அழிக்கப் போனேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அழிக்காதீங்க, அப்புறம் மறந்துருவீங்க. பூட்டி வையுங்க."

4. இப்போது

மருமகளிடம் வழி மட்டும் கேட்டுக்கொண்டு அறுபதையும் நானே பிரித்தேன், நாலு நாள் ஆனது. இப்போது ஆளுக்கு ஒரு நோட் இருக்கிறது. அதில் அளவு மட்டும்தான், யார் கேட்டாலும் அனுப்பலாம். உடம்பு விஷயம் தனி நோட், அதற்குப் பூட்டு. அதில் எதையாவது எழுதுவதற்கு முன் அவரிடமே கேட்கிறேன். "எழுதி வெச்சுக்கட்டுங்களா?" என்று கேட்க எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் கேட்டுவிடுகிறேன். இதுவரை யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. கேட்டதால் சிலர் இத்தனை வருஷம் சொல்லாததையும் சொல்கிறார்கள், ஜாக்கெட்டும் இன்னும் நன்றாகப் பொருந்துகிறது.

நான் கற்றுக்கொண்டது இதுதான். நம்மிடம் இருப்பது துணியின் அளவு மட்டுமில்லை. மறக்காமல் வைத்திருப்பதும் வேண்டும், சிந்தாமல் வைத்திருப்பதும் வேண்டும்.

இந்தக் குறிப்பை டீச்சரிடமும் ரெஜினாவிடமும் படித்துக் காட்டி, சரி என்ற பிறகுதான் தருகிறேன். பேர்களை மாற்றியிருக்கிறேன். இரண்டு விஷயம் மட்டும் எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. அடுத்தவர் போனில் அழித்துவிட்டால் அது நிஜமாகவே போய்விடுமா, வேறெங்காவது ஒளிந்து கிடக்குமா? பூட்டு போட்ட நோட்டைப் போனைப் பழுது பார்க்கிறவர் திறக்க முடியுமா? விவரம் தெரிந்தவர்கள் யாராவது இதைச் சரிபார்த்து என்னிடம் சொல்லுங்கள். நான் போய் டீச்சரிடம் சொல்ல வேண்டும்.