ஷவர் ரிப்பேரும் சந்தேகக் கேஸ்களும்

ஷவர் ரிப்பேருக்கு ஆள் வந்துவிட்டால், வீட்டுக்காரர்கள் மாடி டேங்க் வால்வை மூடுவதற்கு முன்னால் பீரோவைப் பூட்டுவார்கள். வீடு வீடாகப் போய் ஃபேன், ஃபிரிட்ஜ், கேஸ் அடுப்பு பார்க்கிற உங்களுக்கும் இது தெரிந்திருக்கும். நம் எல்லாருக்கும் ஒரே தலையெழுத்துதான்.

நான் பிளஸ் ஒன்னோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். படிப்பு ஏறவில்லை, அவ்வளவுதான். அப்பா திண்டுக்கல்லில் பிளம்பர். ஒரு வீட்டு மாடியில் வழுக்கி விழுந்ததில் வலது கையில் மாவுக்கட்டு. லீவு நாளெல்லாம் அவர்கூடவே சுற்றியதால் எனக்கு வேலை தெரியும். பாத்ரூமுக்குப் பெட்ரூம் வழியாகத்தான் போகணும் என்கிற வீடுகளில், பகலில் தனியாக இருக்கிற அக்காமார்கள் ஆம்பளை ஆளைவிட என்னைக் கூப்பிடுவார்கள். அப்பா ஒரு கண்டிஷன் போட்டார். ஒரே ஒரு வீட்டிலிருந்து கம்ப்ளைண்ட் வந்தாலும், மறுநாளே நான் நூல் மில்லுக்கு ஆள் ஏற்றுகிற வண்டியில் ஏறிவிட வேண்டும். எனக்குப் பஞ்சு பட்டாலே மூச்சு இழுக்கும். அதனால் ஒவ்வொரு வீட்டுக்கும் பயந்துகொண்டேதான் போனேன்.

அடைச்சது யாரு?

முதல் வீடு ஒரு டீச்சருடையது. பீரோவைப் பூட்டி, இழுத்துப் பார்த்து, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு பாத்ரூம் வாசலிலேயே நின்றார். ஷவரில் தண்ணீர் நாலு பக்கமும் பீய்ச்சி அடித்தது, தலையில் மட்டும் விழவில்லை. எல்லா ஊரிலும் நடக்கிற கதைதான். போர் தண்ணியின் உப்பு ஓட்டைகளில் கல்லாகப் பிடித்திருந்தது. கழற்றி வினிகரில் ஊறப்போட்டு, ஊசியால் ஒவ்வொரு ஓட்டையாகக் குத்தி மாட்டினேன். மழை மாதிரி கொட்டியது.

டீச்சர் தண்ணீரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். "அடைச்சிருந்துச்சு, சரி. யாரு அடைச்சா? அதைச் சொல்லு மொதல்ல."

சோப்புப் போட்ட நேரம்

அடுத்து ஒரு மாடி வீடு. மேலே வீட்டுக்காரர், கீழே குடியிருக்கிற அக்கா. வீட்டுக்காரர் சோப்புப் போட்டுக்கொண்டு நிற்கும்போது ஷவரில் தண்ணீர் நூல் மாதிரி ஆகிவிடுகிறதாம். "கீழ இருக்கவ வேணும்னே பைப்பைத் திறந்து விடுறாம்மா. வாடகையைக் கூட்டுனதுல இருந்து இதே வேலையா இருக்கா" என்றார். நான் ஷவரைத் திறந்துவிட்டு, கீழே போய் அடுப்படிக் குழாயைத் திறக்கச் சொன்னேன். மேலே ஷவர் படுத்துவிட்டது. "பாத்தியா!" என்று அவர் குதித்தார். பிறகு கீழ் வீட்டு ஷவரைத் திறந்துவிட்டு, மேலே குழாயைத் திறக்கச் சொன்னேன். அதுவும் படுத்தது. ரெண்டு வீட்டுக்கும் டேங்கிலிருந்து ஒரே ஒரு மெல்லிசுப் பைப்தான் இறங்குகிறது. தனித்தனியாக இழுத்தால்தான் தீரும்.

கீழ் வீட்டு அக்கா ஷவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப நான் அவரத் திட்டுன மாதிரியே அவரும் என்னையத்தான் திட்டிக்கிட்டு இருந்தாரா?"

தானாகக் கொட்டும் ஷவர்

சாணார்பட்டியில் புது வீடு. தலைக்கு மேலே தாம்பாளம் அகலத்துக்கு ஒரு ஷவர். குளித்து முடித்து, மூடிவிட்டு வந்து செத்த நேரம் கழித்துத் தானாகவே 'சளார்' என்று கொட்டுகிறது. மருமகள் ரெண்டாவது தடவை திருட்டுத்தனமாகக் குளிக்கிறாள் என்பது மாமியாரின் சந்தேகம். பங்காளி செய்வினை வைத்துவிட்டான் என்பது மருமகளின் சந்தேகம். ஷவர் கழுத்தில் எலுமிச்சம்பழம் கட்டியிருந்தார்கள். அதை அவிழ்க்கவே எனக்குக் கை வரவில்லை, உண்மையைச் சொல்கிறேன்.

விஷயம் ஒன்றுமில்லை. மூடின பிறகும் அந்தத் தட்டுக்குள் தண்ணீர் தங்குகிறது. காற்று உள்ளே புகுந்ததும் மொத்தமாக இறங்குகிறது. உப்பைச் சுரண்டிவிட்டு, தட்டைக் கொஞ்சம் சாய்த்து மாட்டினேன். தங்கின தண்ணீர் உடனே வடிந்தது. மாமியாரிடம் விளக்கினேன்.

அவர் மருமகளை ஒரு தடவை முறைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "சரித்தா, தண்ணிக்குக் காரணம் சொல்லிட்ட. ஃபிரிட்ஜுல பால் குறையுதே, அதுக்கு என்னா சொல்லுவ?"

அப்பாவின் போன்

காய்கறிக் கடையில் அந்த டீச்சரைப் பார்த்தேன். "ஒங்கப்பா போன் பண்ணி, ஷவர் ஒழுகுதா டீச்சர்னு கேட்டாரு. ஏன், ஒழுகணுமான்னு கேட்டேன்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. நான் போன வீட்டுக்கெல்லாம் பின்னாலேயே போன் போயிருக்கிறது! வீட்டுக்கு வந்ததும் நேராகவே கேட்டேன், "என்மேல நம்பிக்கை இல்லையாப்பா?" என்று.

அப்பா மாவுக்கட்டைச் சொறிந்துகொண்டே சொன்னார். "ஒம்மேல இருக்கு பாப்பா. நீ முறுக்குன மரை மேலதான் இல்ல."

மூட்டையின் அடி

பழனி ரோட்டுப் பக்கம் ஒரு வெங்காய மண்டிக்காரர் வீடு. மூட்டையின் அடிவரைக்கும் கைவிட்டுத் துழாவாமல் எதையும் வாங்காத மனுஷன். பைப்பும் ஷவரும் சேர்கிற இடத்தில் ஒழுகல். பழைய ரப்பர் வாசரை எடுத்து அவரிடம் காட்டிவிட்டு, புது வாசர் போட்டு முறுக்கினேன். ஒரு சொட்டு இல்லை.

மறுநாள் அப்பாவுக்குப் போன். "ஒம் மக பாத்துட்டுப் போன வேலைய வந்து பாருய்யா. முன்னாடி சொட்டுச்சு, இப்ப ஊத்துது." அம்மா உடனே, மில் வண்டி எத்தனை மணிக்கு வரும் என்று பக்கத்து வீட்டில் விசாரித்தாள். அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு டவுன் பஸ் ஏறினார்.

பாத்ரூமில் "கழட்டு" என்றார். கழற்றினேன். உள்ளே வாசரே இல்லை. போட்டது நானேதான், என் விரல் அழுத்தினது ஞாபகம் இருக்கிறது. அப்பா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வைக்கு மில்லே தேவலை. தலையைக் குனிந்தபோதுதான் சோப்புப் பெட்டியில் அது கண்ணில் பட்டது. கறுப்பாக, புத்தம் புதுசாக, நுரை காய்ந்து ஒட்டியிருந்தது.

எடுத்து நீட்டினேன். மண்டிக்காரர் கொஞ்சம்கூட வெட்கப்படவில்லை. "நாந்தான் கழட்டுனேன். நெசமாவே புதுசு போட்டியா, பழசையே துடைச்சு மாட்டிட்டியான்னு பாக்க வேணாமா? புதுசுதான் போட்டிருந்த. உள்ளதைச் சொல்லணும்ல."

"அண்ணே, நானும் அதைப் பாக்கத்தான் ஒடிஞ்ச கையோட பஸ் ஏறி வந்தேன்" என்றார் அப்பா. எனக்குக் கோபம்தான் வந்தது. வாசரைக் கழுவிப் போட்டு முறுக்கினேன். அப்பா அதைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் ஹாலுக்குப் போய்விட்டார். அங்கிருந்து அவர் குரல் கேட்டது. "இனிமே எதுன்னாலும் எனக்குப் போன் அடிக்காதீங்க. புள்ள நம்பரை எழுதிக்கங்க."

மண்டிக்காரர் எழுதிக்கொண்டார். ரெண்டு தடவை வாய்விட்டு வாசித்தார். பிறகு பாத்ரூம் பக்கம் எட்டிப் பார்த்துச் சொன்னார். "ஏம்மா, எனக்கு ஒரு மிஸ்டு கால் குடு. ஒன் நம்பர்தானான்னு பாத்துக்கிறேன்."

ஒழுகுகிற ஷவருக்கு எங்கள் ஊர்க் கடையில் வாசர் கிடைக்கிறது, சந்தேகத்துக்குப் போடுகிற மாதிரி ஒரு சைஸும் இன்னும் வரவில்லை.