பலகையில் இல்லாத சொல்

குன்னத்துகால் ராஜதாஸ் மின்விளக்குகளை வைத்துக் கலை செய்தவர். ஆள் அருகே வந்தால் நிறம் மாறும் சுவர், மூச்சுக்காற்றுக்கு அசையும் ஒளி என்று அவர் செய்தவற்றைப் பார்க்கக் கொச்சிக் கண்காட்சியில் கூட்டம் நின்றது. மற்ற நாட்களில் திருவனந்தபுரத்தில் ஒரு வடிவமைப்புக் கல்லூரியில் பாடம் எடுத்தார். தொட்டால் பதில் சொல்லும் கருவிகளை மனிதர்களுக்கு ஏற்ற மாதிரி உருவாக்குவதுதான் பாடம்.

அவர் மனைவி ஷீஜாவுக்கு நாற்பத்திரண்டு வயதில் பக்கவாதம் வந்தது. வலப்பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போயிற்று. சபையின் பாட்டுக்குழுவில் முன்வரிசையில் நின்று பாடியவள்.

ராஜதாஸ் விடுப்பு எடுத்துக்கொண்டு ஒரு பலகை செய்தார். தண்ணீர், கஞ்சி, தலைவலி, மின்விசிறி என்று பன்னிரண்டு படங்கள். விரலால் தொட்டால் பலகை பேசும், அதுவும் ஷீஜாவின் குரலிலேயே. “பாறசாலையில இறங்கி மீன் வேண்டீட்டு வாருங்க, கேட்டியளா” என்று அவள் போனில் அனுப்பிய குரல் செய்திகள் நூற்றுக்கணக்கில் கிடந்தன. அவற்றைச் சொல் சொல்லாக வெட்டி ஒட்டினார். பதினாறு நாள் வேலை.

படுக்கையருகே வைத்து, தண்ணீர்ப் படத்தை அவரே தொட்டுக் காட்டினார். “எனக்கு வெள்ளம் வேணும்” என்றது பலகை. ஷீஜா இடது கையால் அதைத் தள்ளிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவளுக்குப் புரியவில்லை என்று நினைத்தார். படங்களைப் பெரிதாக்கினார். லேசாகத் தொட்டாலே பேசும்படி மாற்றினார். அவள் தள்ளிக்கொண்டே இருந்தாள்.

மகள் சுமிதான் ஒருநாள் கட்டிலில் ஏறி உட்கார்ந்து கேட்டாள். “அம்மா, ஆமாண்ணு இருந்தா கண்ண மூடு. ஒனக்க சத்தம் கேட்டா ஒனக்கு சங்கடமா?”

ஷீஜா கண்ணை மூடினாள். கண்ணீர் காதுவரை வழிந்தது.

“எனக்க கிட்ட இத ஏன் மக்கா அவ காட்டல்ல?” என்று மகளிடம் கேட்டார் ராஜதாஸ்.

“நீங்க கேக்கல்லியேப்பா.”

பலகைக்குச் சுமியின் குரலைக் கொடுத்தார். இப்போது ஷீஜா தொட்டாள். ஒவ்வொரு படத்தையும் தொட்டு, இது இல்லை என்று தலையசைத்தாள். சுமி எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொன்னாள். இரண்டு எழுத்துகளுக்கு ஷீஜா கண்ணை மூடினாள். பேடி. அவளுக்குப் பயம். நான்கு மாதமாகப் பயந்துகொண்டு கிடந்திருக்கிறாள். மின்விசிறிக்கு இடம் இருந்த பலகையில் அதற்கு இடமில்லை.

ராஜதாஸ் பதின்மூன்றாவது கட்டம் சேர்த்தார். என்ன படம் போடுவதென்று தெரியாமல் வெறுமையாக விட்டார். அவள் அதைத் தொட்டுப் பலகை “பேடி” என்றால், வீட்டில் எங்கிருந்தாலும் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொள்வார். “நான் இன்னா, இங்கதான் இருக்கேன்டி.” அவள் மூச்சு மெல்ல அடங்கும்.

விடுப்பை நீட்டிக்க அவர் கல்லூரிக்குப் போன நாளில் சுமி போன் செய்தாள். “அப்பா, அம்மா அந்தக் கட்டத்தயே தொட்டுட்டு இருக்கா. பெட்டெண்ணு ஓடி வாருங்க.” அவர் ஏறிய பஸ் நெய்யாற்றின்கரையைத் தாண்டுவதற்குள் ஷீஜா போய்விட்டாள்.

கொச்சிக் கண்காட்சிக்காரர்கள் பலகையைக் கேட்டு வந்தார்கள். அவர் கொடுக்கவில்லை. விடுப்பு முடிந்ததும் பாடம் எடுக்கப் போனார். எதையும் செய்யத் தொடங்குமுன், அது யாருக்கோ அவரிடம் போய் என்ன வேண்டும் என்று கேட்டு வரும்படி மாணவர்களிடம் சொன்னார்.

“சார் அப்படிக் கேட்டதுண்டா?” என்றாள் ஒரு மாணவி.

“உண்டு. பிந்தியாக்கும் கேட்டேன்” என்றார் ராஜதாஸ்.