மக்தலேனாவின் வாயில் வராத வார்த்தை

பர்மாவில் தாமுவே சந்தைக்குப் பின்னால் குடியிருந்த மருத்துவச்சி மக்தலேனாவுக்கு ஒரு கொள்கை உண்டு. பிரசவ அறைக்குள் அபசகுனமாக ஒரு சொல் பேசமாட்டாள். பிள்ளை குறுக்கே கிடக்கட்டும், தாய்க்குக் கண் செருகட்டும், "ஒண்ணுமில்ல தாயி, எல்லாம் நல்லபடியா நடக்கும்" என்பாள். டாக்டருக்கு ஆள் அனுப்புவதெல்லாம் கண்ஜாடையிலேயே முடிந்துவிடும். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு தாயின் காதுபட "பிழைக்காது" என்று சொல்லித் தொலைத்தாள். அரை மணியில் அந்தத் தாய் போய்விட்டாள். அன்றைக்குப் போட்ட பூட்டு அது. நல்ல குணம்தான், யார் இல்லையென்றது? அந்த நல்ல குணம்தான் அறுபத்தைந்தாம் வருஷம் புரட்டாசியில் இரண்டு உயிரைக் குடிக்கப் பார்த்தது.

சீமா ஒரு யூத வீட்டு மருமகள். எட்டாம் மாதம். இதற்கு முன் இரண்டு பிள்ளைகள் வயிற்றிலேயே தவறிப்போயிருந்தன. அன்று அவர்களுடைய பாவமன்னிப்பு நாள். முதல்நாள் அந்தியிலிருந்து மறுநாள் இருட்டும்வரை பச்சைத் தண்ணீர் பல்லில் படக்கூடாது. பிள்ளைத்தாய்ச்சியும் நோன்பு இருக்கத்தான் வேண்டும். ஆண்கள் ஜெபாலயத்துக்குப் போய்விட்டார்கள். வீட்டில் சீமாவும் மாமியார் ஹபீபாவும் மட்டும். தமிழ் வேலையாட்களோடு மாரடித்து மாரடித்து இருவருக்கும் தமிழ் தண்ணீர் பட்ட பாடு. காலை பத்து மணிக்கு ஹபீபா ஆளனுப்பி மக்தலேனாவை வரவழைத்தாள்.

வயிற்றைத் தொட்டுப் பார்த்த மக்தலேனாவுக்குத் திக்கென்றது. அவ்வப்போது கல் மாதிரி இறுகியது. ஹபீபா கட்டில் ஓரத்தில் நின்று கேட்டாள்.

"சயாமா, உயிருக்கு ஆபத்து இருக்கா?" அந்த ஊரில் மருத்துவச்சியை அப்படித்தான் மரியாதையாகக் கூப்பிடுவார்கள்.

"சே, என்ன பேச்சு இது. ஒண்ணுமில்லம்மா. ஒரு வாய் தண்ணி குடிச்சா சரியாயிடும்."

"குடிக்காட்டி?"

"ஆண்டவர் இருக்காரு. நல்லபடியா நடக்கும்."

ஹபீபாவின் முகம் கறுத்தது. சமையற்கட்டுக்குப் போய்விட்டாள். கல்நெஞ்சுக்காரி என்று மக்தலேனா மனசுக்குள் திட்டிக்கொண்டாள்.

மதியம் கீழ்வீட்டுத் தஸ்தகீர் குடும்பம் கோழி தாளித்த வாசனை மாடியேறி வந்தது. சீமாவின் முகம் வெளுத்து, உடம்பெல்லாம் வியர்த்துவிட்டது. ஹபீபா ஓடிவந்து மருமகள் காதில் ஏதோ முணுமுணுத்தாள். வாசனைக்கு ஆசைப்பட்ட பிள்ளைத்தாய்ச்சிக்கு இன்று நோன்பு நாள் என்று முதலில் நினைவூட்டுவது அவர்கள் முறை. அதில் ஆசை அடங்காவிட்டால் ஊட்டிவிடலாம். சீமாவோ அடங்கிவிட்டது என்று தலையசைத்தாள். மக்தலேனாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஒரு வாய் குடி தாயி."

"மாட்டேன் சயாமா. ரெண்டு பிள்ளை போச்சு, என் பாவந்தான். இன்னிக்கு ஒருநாள் ஒழுங்கா இருந்தா இது தங்கும். நீங்கதான் ஒண்ணுமில்லைன்னு சொல்லிட்டீங்களே."

மூன்று மணிக்கு வலி பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் வந்தது. நாடி ஓட்டமெடுத்தது. மக்தலேனா சமையற்கட்டு வாசலில் போய் நின்றாள்.

"நீங்களும் பொம்பளைதானா? பிள்ளத்தாச்சியப் பட்டினி போட்டுக் கொல்லச் சொல்லுதா உங்க வேதம்?"

"ஆபத்துன்னா குடுத்தே ஆகணும்னு சொல்லுது. குடுக்காம இருக்கிறதுதான் பாவம்." ஹபீபாவின் உதடும் வறண்டு வெடித்திருந்தது. "ஆனா அவளே வேணும்னு கேக்கணும், இல்ல வைத்தியம் தெரிஞ்சவங்க சொல்லணும். எந்த மதமா இருந்தாலும் சரி. அவ கேக்க மாட்டா. அதனாலதான் உங்களைக் கேட்டேன். ஒண்ணுமில்லைன்னுட்டீங்க."

மக்தலேனாவுக்கு அப்போதுதான் விளங்கியது. தான் ஆறுதலென்று நினைத்துச் சொன்னதுதான் அந்தப் பெண்ணின் வாயைக் கட்டிப்போட்டிருக்கிறது. கட்டிலுக்குப் போனாள். இத்தனை வருஷமாகப் பூட்டி வைத்த வார்த்தை லேசில் வருமா? இரண்டு தரம் வாயைத் திறந்து மூடினாள். அந்தப் பழைய தாயின் முகம் கண்முன் நின்றது. சிலுவை போட்டுக்கொண்டாள்.

"சீமா, காலையில நான் சொன்னது பொய். இப்ப நீ குடிக்கலைன்னா ஆபத்து. உசிருக்கே ஆபத்து. உனக்கும், பிள்ளைக்கும்."

சீமா மாமியாரைப் பார்த்தாள். ஹபீபாவின் கையில் அதற்குள் ஒரு கிண்ணம் இருந்தது. முதல்நாள் காய்ச்சிய கோழிச்சாறு. கரண்டி நுனியால் தொட்டு மருமகள் நாக்கில் வைத்தாள். பிறகு, நோன்புக்குப் பங்கம் குறைவாக இருக்கட்டும் என்று, கன்னம் நிறையாத அளவாக ஒரு மடக்கு. கடிகாரத்தைப் பார்த்துக் கொஞ்சம் பொறுத்து இன்னொரு மடக்கு. தன் விரலில் சிந்திய சொட்டை நாக்கில் வைக்காமல் துணியில் துடைத்துக்கொண்டாள். விடியற்காலையிலிருந்து தைரியமாக இருந்த சீமா அப்போதுதான் விம்மி அழுதாள்.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு வயிறு இளகியது. பிள்ளை உள்ளே உதைத்ததை மக்தலேனா உள்ளங்கையில் உணர்ந்தாள். புறப்படும்போது ஹபீபா கிண்ணமும் கையுமாகப் படிவரை வந்தாள்.

"இந்தக் கிண்ணத்தைக் காலையில பத்து மணிக்கே எடுத்து வச்சேன், சயாமா."

 மக்தலேனா கைப்பிடியைப் பற்றிக்கொண்டு படியிறங்கினாள்.