அப்பாவின் பெயரில் நான் போட்ட கையெழுத்து

காலையில் ஆபீஸைத் திறந்ததும் என் முதல் வேலை தீர்ப்பு எழுதுவது. நீதிபதி எழுதிய தீர்ப்பைத்தான் சொல்கிறேன். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் புதிதாக வந்தவற்றைப் படித்து, ஒவ்வொன்றையும் தமிழில் இரண்டு வரியாகச் சுருக்கி ஒரு நீள நோட்டில் எழுதிவைக்க வேண்டும். சீனியர் வக்கீல் டீ குடித்துக்கொண்டே அந்த நோட்டைத்தான் முதலில் படிப்பார். அதற்குப் பிறகுதான் பேப்பர். வக்கீலாகப் பதிவு செய்து ஒரு வருஷத்தில், அந்த இரண்டு வரிகளில் எனக்கு ஒரு கர்வமே வந்திருந்தது.

அன்று ஐந்து தீர்ப்புகள். ஓய்வூதியக்காரர் இறந்தபின் அவருடைய இரண்டாவது மனைவியின் மகள் கேட்டது ஒன்று. லாரி விபத்தில் இன்சூரன்ஸ் கம்பெனி சொன்ன சாக்குச் செல்லாது என்பது ஒன்று. கோயில் கொடையில் முதல் மரியாதை யாருக்கு என்பதை நீதிமன்றம் தீர்மானிக்காது என்றது மூன்றாவது. நான்காவது, இரண்டு கருப்பட்டி வியாபாரிகளின் லேபிள் சண்டை. பனைமரப் படம் யாருக்கும் தனிச் சொத்து அல்ல என்று நீதிபதி சொல்லியிருந்தார். அதை எழுதும்போது சிரிப்பு வந்தது.

ஐந்தாவது எங்கள் அம்மாவின் வழக்கு.

தள்ளுபடி என்று முந்தின நாள் மாலையே தெரியும். மதுரையில் எங்களுக்காக ஆஜரான வக்கீல் போனில் சொல்லியிருந்தார். ஏன் என்பதை அப்போதுதான் படித்தேன்.

நான் எட்டாம் வகுப்பு படிக்கையில் அப்பா தனியாக வள்ளத்தில் நண்டு வலை வைக்கப் போனார். மறுநாள் வள்ளம் முயல் தீவுக்கு அந்தப் பக்கம் கவிழ்ந்து கிடந்தது. அப்பா கிடைக்கவில்லை. பதினோரு வருஷம் ஆகிவிட்டது. ஒருவரைப் பற்றி ஏழு வருஷம் எந்தத் தகவலும் இல்லையென்றால் இறந்துவிட்டதாக எடுத்துக்கொள்ளலாம் என்று சட்டம் சொல்கிறது. அதைக் காட்டித்தான் இறப்புச் சான்றிதழ் கேட்டோம். அதிகாரிகள் மறுத்ததால் உயர் நீதிமன்றம் போனோம்.

அம்மாவுக்கு அந்தக் காகிதம் எதற்கு என்பதை அவள் வாயாலேயே சொல்கிறேன். “கல்லறைத் திருநாளுக்கு எல்லாரும் கல்லறைக்கு மெழுகுதிரி கொண்டு போறாவ. நான் மட்டும் கடக்கரைக்குக் கொண்டு போறேன். காத்துல ஒண்ணுகூட நிக்க மாட்டேங்கு.” சான்றிதழ் வந்தால் கோயில் இறந்தோர் பதிவில் பெயரை எழுதி, கல்லறையில் ஒரு சிலுவை வைக்க இடம் தருவதாகப் பங்குச் சாமியார் சொல்லியிருந்தார். ஒரு மெழுகுதிரி அணையாமல் நிற்க ஒரு இடம். அவ்வளவுதான் வழக்கு.

தள்ளுபடிக்கான காரணம் ஒன்பதாவது பத்தியில் இருந்தது. மீனவர் சங்கத்தின் உறுப்பினர் அட்டை ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட்டிருக்கிறது. கடைசி விண்ணப்பத்துக்கு வயது ஆறு வருஷம்தான். அதில் உறுப்பினரின் கையெழுத்து இருக்கிறது. தெளிவான, பழகிய கையெழுத்து. ஆகவே ஏழு வருஷம் தகவல் இல்லை என்பதை இந்த நீதிமன்றம் ஏற்பதற்கில்லை. வேண்டுமானால் சிவில் கோர்ட்டில் சாட்சியம் வைத்து நிரூபித்துக்கொள்ளலாம்.

அது என் கையெழுத்து.

அப்பா காணாமல் போன வருஷம் அம்மா சங்கத்திலிருந்து அந்தப் படிவத்தை வாங்கிவந்தாள். “புதுப்பிக்கலேன்னா பேரை வெட்டிருவாவளாம். நாளைக்கு அவரு வந்து நின்னா எதை வச்சிக் கடலுக்குப் போவாரு?” என்றாள். பெயரை வெட்ட விடுவது நாமே அவரை முடித்துவைப்பது மாதிரி என்று எனக்கும் தோன்றியது. எங்கள் வீட்டில் பேனா பிடித்தது நான்தான். அப்பா கைநாட்டு. அம்மாவும் கைநாட்டு. முந்தின படிவங்களில் எல்லாம் அப்பாவின் கட்டைவிரல் ரேகை இருந்திருக்கும்.

நான் ரேகை வைக்கவில்லை. எழுதினேன். இனிஷியல் போட்டு, கடைசி எழுத்தின் வாலை வளைத்து, கீழே ஒரு கோடு இழுத்து. அம்மா அதைப் பார்த்துவிட்டு, “உங்க அப்பா பெரிய ஆபீஸராயிட்டாரு” என்றாள். எனக்கு உச்சி குளிர்ந்தது. சட்டக் கல்லூரியில் சேர்ந்த வருஷம்வரை போட்டேன். அதற்குப் பிறகு அம்மா படிவம் வாங்கி வரவில்லை.

அந்தப் படிவங்களை அரசுத் தரப்பு கோர்ட்டில் தாக்கல் செய்தபோது சீனியர் என்னிடம் நீட்டினார். “இது உங்க அப்பா கையெழுத்துதானா, பாரு.”

“சரியாத் தெரியலை சார்” என்றேன்.

பார் கவுன்சில் என் வக்கீல் பதிவில் கை வைக்கும் என்று பயந்து அல்ல அப்படிச் சொன்னது. ‘எங்கள் அப்பாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது’ என்ற ஒரு வாக்கியம் வாயில் வரவில்லை. கல்லூரியில் அப்பாவைப் பற்றிக் கேட்டவர்களிடம், “மீனவர் சங்கத்துல இருந்தாங்க” என்று ஏதோ பதவி மாதிரிச் சொல்லிவைத்திருந்தவள் நான். அந்த ஒரு வாக்கியம் போதும், வழக்கு வேறு பக்கம் போயிருக்கும்.

நோட்டில் ஐந்தாவது எண் போட்டு எழுதினேன். ‘காணாமல் போனவர் பெயரில் ஆறு ஆண்டுகளுக்கு முன்புவரை கையெழுத்து இருப்பதால், இறந்ததாகக் கொள்ள முடியாது.’ ஒரு வரியிலேயே முடிந்துவிட்டது. இரண்டாவது வரிக்கு இடம் விட்டேன்.

சீனியர் வந்து, டீயோடு உட்கார்ந்து, கருப்பட்டி லேபிளுக்குச் சிரித்தார். ஐந்தாவதில் அவர் கண் நின்றது. நான் எழுந்து நின்றேன்.

“அது நான் போட்டது சார். அப்பா கைநாட்டு.”

டீயைக் கீழே வைத்தார். “பணம் ஏதும் வாங்கினியளா அந்த அட்டையில?”

“இல்ல சார். அட்டைய பீரோவுல வச்சிருக்கோம்.”

“ஏளா, ஊருக்கெல்லாம் ரெண்டு வரியில சொல்லத் தெரியுது. ஒங்க அம்மைக்குச் சொல்ல வேண்டிய ஒரு வரி தொண்டையில அடைச்சிக்கிட்டாக்கும்” என்றார். பிறகு குரல் இறங்கியது. “பிரமாணப் பத்திரத்துல இதை எழுதணும். சின்னப் பிள்ளையில போட்டது சரி. பதினெட்டுல போட்டதுக்கு எவனாவது கிளப்பினா நீ பதில் சொல்லியாகணும்.”

“சொல்லுதேன் சார்.”

வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். அவள் மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

“அப்போ கோர்ட்டு அவரு இருக்காருன்னு சொல்லுதா?”

“இல்லம்மா. செத்துட்டாருன்னு சொல்ல முடியாதுன்னு சொல்லுது. என் கையெழுத்தால.”

“நான்தானே போடச் சொன்னேன்” என்றாள். பிறகு சட்டியிலிருந்த தண்ணீரையே பார்த்தபடி, “இன்னும் எத்தனை வருஷம் இழுக்கும்?” என்றாள். சிவில் கோர்ட்டில் நாலைந்து வருஷம் என்று எனக்குத் தெரியும். சட்டியை வாங்கி மீதி மீனை நான் கழுவினேன்.

சிவில் கோர்ட்டில் போட வேண்டிய வழக்குக்கு என் பிரமாணப் பத்திரத்தையும் அம்மாவுடையதையும் நானே எழுதினேன். என்னுடையதில் முதல் பத்தியில், என் அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இரண்டாவதில், அந்தப் படிவங்களில் இருப்பது மகளாகிய என் கையெழுத்து. சங்கத்தில் தேடச் சொல்லி, அப்பா கடைசியாகத் தந்த பழைய படிவத்தின் நகலும் வாங்கிவிட்டோம். கையெழுத்துக் கட்டத்தில் கரிய ரேகை. கட்டத்தைத் தாண்டி நாலு பக்கமும் வழிந்திருந்தது.

அம்மா ஆபீஸுக்கு வந்தாள். சீனியர் நாற்காலியை இழுத்துப்போட்டார். அம்மாவின் பத்திரத்தை நான் வாசித்துக் காட்டினேன். அவள் மை பேடில் கட்டைவிரலை ஒற்றி, நான் காட்டிய இடத்தில் பதித்தாள். அருகில் கிடந்த பழைய படிவத்தைப் பார்த்து, தன் விரலை அந்த ரேகையின் மேல் தொடாமல் பிடித்துப் பார்த்தாள்.

“அவருக்கு வலை இழுத்து இழுத்து விரல் பெருசு. எந்தக் கட்டத்துலயும் அடங்காது” என்றாள்.

கை துடைக்கத் துணி கொடுத்தேன். வாங்கவில்லை. மை காயும்வரை விரலை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள்.